இலையுதிர் காலத்தில் ஒரு வீட்டுப் பூந்தோட்டம்

செவ்வரத்தையும் மல்லிகையும் வருடம் முழுவதும் பூக்கும் வளவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, இங்கிலாந்தின் இலையுதிர் காலம் முதலில் கவலையைத்தான் தரும். மரங்கள் பட்டுப் போகின்றனவோ என்று எண்ணத் தோன்றும். லண்டன் புறநகரில் மகள் வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதங்களில், பின்புறத்துச் சிறு தோட்டம் அந்த எண்ணத்தை மெல்ல மெல்ல மாற்றியது.

செப்டெம்பரில் டேலியாக்கள் நிறைந்து பூத்திருந்தன. நுவரெலியாவில் நாம் காணும் அதே பூதான். மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி உறைபனியைத் தாங்காது. ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அதன் பின் ஐந்து மணிக்கே இருட்டி விடுகிறது. நவம்பரில் ஓர் இரவு உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் அத்தனை டேலியாவும் கறுத்து, அவித்த கீரை போல் தொங்கின.

"உம்மா, கிழங்குக்கு ஒண்டும் ஆகல்ல" என்றாள் மகள். தண்டை வெட்டி, கிழங்கைக் கிண்டி எடுத்து, ஈரம் உலரவிட்டு, காய்ந்த மணல் நிரப்பிய பெட்டியில் வைத்தாள். உறைபனிக் காலம் முடிந்ததும் மே மாத அளவில் மீண்டும் நடுவாளாம்.

இலைகள் மஞ்சளாவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பகல் குறுகிக் குளிர் கூடும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. உதிர்வதற்கு முன் இலையிலுள்ள சத்தில் பெரும் பகுதியை மரம் கிளைகளுக்கு இழுத்துக் கொள்கிறது. நம் நாட்டு இறப்பர் மரங்களும் வருடத் தொடக்கத்தில் இலை கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விழுந்த இலைகளை மகள் எரிப்பதில்லை. மூலையில் குவித்து வைத்தால் ஓரிரு வருடத்தில் நல்ல உரமாகிவிடும்.

பூ ஓய்ந்துவிட்டது என்று நினைத்த வேளையில், மதிலில் படர்ந்திருந்த ஐவி கொடி பூத்தது. பச்சை மஞ்சளான சிறு பூக்கள், அழகில்லை. ஆனால் மற்றப் பூக்கள் குறைந்த அந்நாட்களில் தேனீக்களுக்கு அதுவே உணவு. பிரித்தானியாவில் முதன்முதலாக 2001 ஆம் ஆண்டில் காணப்பட்ட ஒரு வகைத் தேனீ, பெரும்பாலும் இக்கொடியின் பூவை நம்பியே வாழ்கிறது. ராபின் குருவியும் இக்காலத்தில் பாடும். இளவேனிலில் பாடுவது பெரும்பாலும் ஆண்தான். இலையுதிர் காலத்தில் பெண் குருவியும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பாடுகிறது.

நவம்பர்தான் டியூலிப் நடும் மாதம். மத்திய ஆசியாவின் மலைகளில் தோன்றிய இம்மலர், 16 ஆம் நூற்றாண்டில் உதுமானியத் துருக்கியிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. துருக்கியர் இதனை 'லாலே' என்பர். அவர்கள் வரலாற்றில் 1718 முதல் 1730 வரையான காலம் 'லாலே காலம்' என்றே பெயர் பெற்றது.

வெங்காயம் போன்ற இதன் குமிழைக் கூரான பக்கம் மேலே இருக்கும்படி, ஒரு சாண் அளவு ஆழத்தில் நட வேண்டும். அணில்கள் தோண்டி எடுத்துவிடும் என்பதால் மேலே கம்பி வலை விரிப்பார்கள். அதன்பின் மூன்று நான்கு மாதக் குளிர் அதற்கு அவசியம். குளிர் படாத குமிழ் ஒழுங்காகப் பூப்பதில்லை. நம் வளவுகளில் டியூலிப் வளராததற்குக் காரணமும் இதுவே.

இருபது குமிழ்களை நானே நட்டேன். அவை பூப்பது ஏப்ரலில். எனது பயணச் சீட்டோ டிசம்பருக்கு. "நீங்க பார்க்க மாட்டீங்களே உம்மா" என்று மகள் வருந்தினாள். நம் வீட்டு வளவில் நிற்கும் பலா மரத்தை நட்டவரும் அதன் பழத்தைச் சாப்பிடவில்லை என்று அவளுக்குச் சொன்னேன். பிறகு இருவருமாகச் சேர்ந்து மண்ணை மூடினோம்.