கோப்பையில் எழுதிய பேர்

ஹட்டனில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம், "தேநீர் அருந்துவீர்களா?" என்று கேட்பது, மீனிடம் நீந்துவாயா என்று கேட்பதற்கு ஒப்பாகும். விடியுமுன் ஒரு கோப்பை, கல்லூரிக்குப் புறப்படுமுன் ஒரு கோப்பை, பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் கணக்கின்றிப் பல கோப்பை என்று அருந்தியே நாற்பது வயதைக் கடந்துவிட்டோம். ஆயினும் நாம் கோப்பிக்குப் பகைவர் அல்லோம். மல்லியும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்த கோப்பித் தூளில் கொதிநீர் ஊற்றித் தெளியவிட்டு, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அருந்தும் சுகத்தை எந்தத் தேநீரும் எமக்கு அளித்ததில்லை. இவ்வுண்மையைத் தேயிலை மலைகளின் நடுவே நின்று உரக்கச் சொல்ல இயலாது. பத்திரிகையில் எழுதலாம்.

கோப்பியிடம் எமக்குள்ள மதிப்புக்கு நாவின் ருசி மட்டும் காரணமன்று. எம் முன்னோரைத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரைக்கும், அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாகக் கண்டிச் சீமைக்கும் அழைத்து வந்தது கோப்பியே, தேயிலை அன்று. வழியில் நோயிலும் பசியிலும் வீழ்ந்தோர் பலர். 1869 ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பார் கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பொருளாகக் கொண்டு ஒரு கும்மி நூலை வெளியிட்டார். அதே ஆண்டிலேயே கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படியும் நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அப்பெரும் பயிர் மலைநாட்டில் நிலைகுலைந்து போயிற்று. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கி வைத்த தேயிலையே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பயிர் மாறியது, பறித்த கைகள் மாறவில்லை.

நிற்க. கொழும்பு, கண்டி முதலிய நகரங்களில் பெருகியிருக்கும் நாகரிகக் கோப்பிக் கடைகளைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். ஒரே பெயர்ப்பலகையைத் தாங்கி ஊர்தோறும் கிளை பரப்பும் கடைகள் இவை. 1971 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றிய ஸ்டார்பக்ஸ், 1996 இல் பெங்களூரில் தோன்றிய கஃபே காபி டே ஆகியவற்றின் பெயரை அறியாத மாணவர் இன்று அரிது. அவற்றைப் போன்ற கடை எதனுள் நுழைந்தாலும் ஒரே சாயலுள்ள நாற்காலி, ஒரே வகைச் சங்கீதம், ஒரே சுவை. வெளியே எட்டிப் பார்த்தால்தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது விளங்கும்.

இக்கடைகளின்மீது எமக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு. முதலாவது, அளவுகளுக்கு அவை இடும் பெயர்கள். சிறியது, பெரியது என்று சொன்னால் விளங்கும் விஷயத்துக்கு ஏதோ அயல்நாட்டுச் சொற்களைச் சூட்டி, மிகச் சிறிய கோப்பைக்கும் நெடியதொரு பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, காகிதக் கோப்பை. சூடான பானம் உதட்டில் படும்போது கண்ணாடியோ பீங்கானோ தரும் சுகம் வேறு. நனைந்த அட்டையின் வாசனை வேறு. மூன்றாவது, நுரை. பாலின் நுரைமீது இலையும் இதயமும் வரையும் கலையை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் சித்திரம் கலைந்தபின் அடியில் எஞ்சுவது மூன்று மிடறு எனில், நாம் விலை கொடுத்தது கோப்பிக்கா ஓவியத்துக்கா என்ற ஐயம் எழுகிறது.

இவை யாவும் பொறுக்கத்தக்கவை. பொறுக்க முடியாதது, அங்கே தேநீர் தரும் முறை. நூல் கட்டிய சிறு பொட்டலம் ஒன்றை ஆறத் தொடங்கிய வெந்நீரில் தொங்கவிட்டு நீட்டுவார்கள். எமது ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,260 மீற்றர் உயரத்தில் இருப்பதால், இங்கே நீர் 96 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பு மக்களுக்கோ நூறு பாகைக் கொதிநீரை இயற்கையே அருளியிருக்கிறது. அதை வீணாக்கித் தேயிலையை வெதுவெதுப்பில் ஊறவைப்பதை எப்படி மன்னிப்பது?

இவ்வாறு குறைகளை அடுக்கி வைத்திருந்த எமக்கு, 2023 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒருநாள் வேறொரு பாடம் கிடைத்தது.

எம் அன்னையார் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கண்புரைச் சிகிச்சைக்காக அவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வைத்தியரைக் கண்டு வெளியே வந்தபோது மழை கொட்டிற்று. புகையிரதத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எதிரே கண்ணாடிக் கதவுடன் நின்றது மேற்சொன்ன வகைக் கடைகளுள் ஒன்று. வேறு வழியின்றி உள்ளே நுழைந்தோம்.

அன்னையாரை ஒரு நாற்காலியில் அமர்த்திவிட்டு இரண்டு தேநீர் கேட்டோம். பணம் வாங்கிய இளைஞன் மிகுந்த மரியாதையுடன், பெயர் என்னவென்று ஆங்கிலத்தில் வினவினான். அன்னையாரின் பெயரைச் சொன்னோம். தம் பெயர் காதில் விழுந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எம் பேர எதுக்குக் கேக்குறாங்க?"

"கோப்பையில எழுதுறதுக்கு, அம்மா."

"இங்கயும் பேர் போடுறாங்களா?"

தோட்டத்தை அறியாத நேயர்களுக்கு இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவை. எமது தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒருநாட் கூலி. சொன்ன அளவுக்குக் கொழுந்து நிறுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கல்யாணம், காதுகுத்து, தீபாவளிக் கடன் அனைத்தையும் அந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்பதை வைத்தே எண்ணுவார்கள். ஆகவே, வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் தம்மிடம் ஒருவர் பேர் கேட்பது அன்னையாருக்கு வியப்பாக இருந்ததில் வியப்பில்லை.

கோப்பைகள் வந்தன. அன்னையாரின் பெயரில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பணிபுரிந்த தோட்டத்தின் பேரேட்டிலும் அவர் பெயர் இப்படித்தான் ஓரெழுத்துப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அடையாள அட்டையில் வேறு விதம். பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம். மூன்றும் ஒருவரே என்று நிரூபித்து அவருடைய சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ள, நாம் இரண்டு ஆண்டுகள் அலுவலகப் படிகளை ஏறி இறங்கினோம். கோப்பையில் பிழைபட்டால் குப்பைக் கூடையோடு முடிந்துவிடும். பேரேட்டில் பிழைபட்டால் முதுமையின் சோற்றில் கைவைக்கும்.

மேசையில் கிடந்த அட்டையொன்று, அத்தேயிலை திம்புள்ளப் பிரதேசத்து உயர்நிலத்தில் விளைந்தது என்று பெருமையாக அறிவித்தது. ஹட்டனைச் சூழ்ந்த எமது மலைகளும் அப்பிரதேசத்தைச் சேர்ந்தவையே. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அது எம் கண்முன் நிகழ்ந்தது. அட்டையை மொழிபெயர்த்துச் சொன்னோம். அன்னையார் ஒரு மிடறு அருந்திப் பார்த்து, "நம்ம பக்கத்துக் கொழுந்துதான். சாயம் எறங்க விடல," என்றார். பிறகு, "என்னா வெல?" என்று கேட்டார்.

சொல்லாமல் மழுப்பவே விரும்பினோம். ஆனால் ஆசிரியத் தொழிலில் நெடுநாள் இருந்தவருக்குப் பொய் வேளைக்கு வந்து உதவுவதில்லை. "ஒண்ணு எழுநூத்தம்பது" என்றோம்.

"முக்காப் பேர்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒன்றரைப் பேர்" என்றார். அதில் கோபமில்லை. கூடையைத் தராசில் வைத்ததும் எடையைச் சொல்லும் பழக்கம் அது. 2021 ஆம் ஆண்டில் 1000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலிதான் அப்போதும் நடைமுறையில் இருந்தது. 2024 இல்தான் அது 1350 ரூபா ஆயிற்று.

அன்று மாலை புகையிரதத்தில் நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாணவர்களும் போட்டுப் பார்க்கலாம். பல தோட்டங்களில் ஒருநாளைக்கு 18 கிலோ அளவில் கொழுந்து கேட்கிறார்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்து, உலர்ந்து ஒரு கிலோ தேயிலை ஆகிறது. எனவே 18 கிலோவுக்குத் தேயிலை 4 கிலோ. கோப்பை ஒன்றுக்கு 2 கிராம் வீதம் அது 2,000 கோப்பைத் தேநீர். இரண்டாயிரம் கோப்பைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர், அன்றைய முழுப்பேரையும் அந்தக் கடையில் கொடுத்தால் ஒன்றரைக் கோப்பைகூட வாங்க இயலாது.

கடைக்காரருக்கும் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. கொழும்பில் இட வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம், வரி எல்லாம் அந்தக் கோப்பைக்குள் கரைந்திருக்கின்றன. அங்கே தேநீரைவிட நாற்காலிக்கே அதிக விலை என்பது எமது அபிப்பிராயம். இதையே ஒரு குற்றச்சாட்டாக அன்னையாரிடம் சொன்னோம். வண்டி நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறிக் கொண்டிருந்தது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தவாறே சொன்னார்:

"ஒண்ணு சொல்லவா தம்பி? கடையில உக்காந்து தேத்தண்ணி குடிச்சது இன்னைக்குத்தான்."

எமக்கு வாய் எழவில்லை. ஹட்டன் கடைவீதியின் தேநீர்க் கடைகளைப் பற்றி நாம் எத்தனை முறை பெருமை பேசியிருப்போம்! துணி வடிகட்டியில் சாயம் இறக்கி, கைக்கெட்டிய உயரத்திலிருந்து ஆற்றித் தரும் அந்தக் கண்ணாடிக் குவளையின் அருமை. 2022 இல் பால்மா கிடைக்காது போனபோதும் இஞ்சித் தட்டிப் போட்ட பிளேன்டீயால் ஊரைத் தாங்கிய அதன் நன்றி மறவாத குணம். அரசியலும் இலக்கியமும் அலசப்படும் அதன் வாங்குப் பலகைகள். அந்தப் பலகைகளில் யார் அமர்ந்திருந்தார்கள் என்று ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தோமா? ஆடவர்தாம். சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரைக் காலத்தில் வெளியூர்ப் பெண்கள் அமர்வதுண்டு. உள்ளூர்த் தோட்டத்துப் பெண்களோ பணிஸ் வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவார்கள். மலையில் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு, மீண்டும் நிரைக்குள் இறங்கியவர்கள் அவர்கள். தமிழகத்தின் சில ஊர்களில் தேநீர்க் கடைகளில் இருந்த இரட்டைக் குவளை வழக்கத்தை வகுப்பில் கண்டித்துப் பேசுகிறோம். எமது கடைவீதியில் குவளை ஒன்றுதான். ஆனால் பலகை எல்லாருக்கும் இல்லை.

கிளைக்கடைகள் இந்த ஒரு காரியத்தைச் செய்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதுவும் புதிதன்று. லண்டனில் 1864 இல் ஏ.பி.சி. என்ற ரொட்டி நிறுவனமும், 1894 இல் லயன்ஸ் நிறுவனமும் தொடங்கிய தேநீர்க் கடைகள் நகரெங்கும் கிளை விட்டன. ஆண்துணையின்றி ஒரு பெண் கௌரவமாக அமர்ந்து ஏதேனும் அருந்தக்கூடிய இடங்களாக அவை பெயர் பெற்றன. இன்று பல்கலைக்கழகம் சென்ற எமது மாணவியர் புத்தகமும் கையுமாக நகரத்துக் கடைகளில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். அவர்களை யாரும் முறைப்பதில்லை. எப்போது எழுவாய் என்று கேட்பதுமில்லை.

நாற்காலியும் வேண்டும், விலையும் எட்ட வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசையா? இந்தியாவில் கோப்பி வாரியம் தன் கோப்பி விடுதிகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலனின் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் அவ்விடுதிகளைத் தாமே நடத்தத் தொடங்கினார்கள். அவையும் கிளைக்கடைகளே. ஆயினும் அவற்றின் உடைமை பரிமாறுவோர் கையில். ஒரு கோப்பையை முன்வைத்துக்கொண்டு மாணவரும் தொழிலாளரும் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஆகவே கிளை விடுவது குற்றமன்று. கோப்பையில் பெயரை எழுதுவோர், அக்கோப்பைக்குள் யாருடைய பேர் அடங்கியிருக்கிறது என்பதையும் நினைத்தால் போதும். கடைவீதிப் பலகையில் தேய்ந்துபோன இடத்தில் நாமும் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் போதும்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அன்னையாரை ஹட்டன் புகையிரத நிலையத்துக்கு அருகே நாம் வழக்கமாகச் செல்லும் கடைக்கு அழைத்துச் சென்றோம். வாசலிலேயே தயங்கினார். கடைக்காரர் எம்மைப் பார்த்தார், அன்னையாரைப் பார்த்தார். தோளில் கிடந்த துணியால் பலகையைத் துடைத்துவிட்டு, "உள்ள வாங்க பெரியம்மா" என்றார். பக்கத்தில் அமர்ந்திருந்தவர் பத்திரிகையை மடக்கிக்கொண்டு இடம் விட்டார்.

அன்னையார் குவளையை இரு கைகளாலும் பற்றி மெல்ல அருந்தினார். "சாயம் நல்லாருக்கு. சீனிதான் கூட," என்றார். விலையைக் கேட்கவில்லை. பேர்க் கணக்கும் போடவில்லை. எழுந்து வெளியே வந்தபின், லயத்தில் தம்முடன் நிரை பிடித்த தோழியர் இருவரின் பெயரைச் சொல்லி, வரும் ஞாயிறு அவர்களையும் அழைத்து வரலாமா என்று மட்டும் கேட்டார்.