அம்மாவின் கையெழுத்து

எங்கள் ஏனாத்தூர் வீட்டுப் பாத்திரங்களில் அம்மா பெயர் கிடையாது. சீர் கொடுத்த தாத்தா பெயர் உண்டு, கல்யாணத்துக்குக் குடம் வாங்கித் தந்த மாமா பெயர் உண்டு. முப்பத்தைந்து வருடமாகத் துலக்குபவள் பெயர் எதிலும் இல்லை.

பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) இருக்கின்றன. குடவோலையில் யார் பெயர் எழுதலாம் என்று சொல்பவை அவை: கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. பெயர் பொறிக்க எப்போதும் ஒரு தகுதி கேட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு, கறுப்பு பவுடர் கோட்டிங் போட்ட எவர்சில்வர் தண்ணி பாட்டில் ஒன்று வாங்கினேன். கடையில் பேர் வெட்டும் மெஷின் உலோகத்தையே குத்திப் புள்ளி வைக்கும். லேசர் அப்படியில்லை. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியைப் பூச்சு உள்வாங்கி எரிந்து போகிறது. அடியிலிருக்கும் எவர்சில்வர் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலே எதுவும் எழுதப்படுவதில்லை. மூடியிருந்தது விலகுகிறது, அவ்வளவுதான்.

டிசைனுக்கு அவள் பேங்க் பாஸ்புக் கையெழுத்தைப் படமெடுத்து இங்க்ஸ்கேப்பில் கோடாக்கினேன். சாஃப்ட்வேர் நடுக்கத்தையெல்லாம் நேராக்கிவிட்டது. அந்த ஆப்ஷனை அணைத்தேன். கோணல் திரும்பி வந்தது.

"எதுக்குடா இதெல்லாம்?" என்றாள். மறுநாள் நூறு நாள் வேலைக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் வந்து சொன்னாள்: "இனிமே பாட்டில் மாறாது. என் எழுத்து எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."