மாமா போட்டும் பத்து ரூபாய் காசும்

காம்போசிட்ஸ் கிளாஸ்ல பாதிப் பேர் தூங்கினது எனக்குத் தெரியும் மக்களே. (பார்த்தேன்னு சொல்ல முடியாது, நானும்தான் தூங்கினேன்.) அன்னிக்கு உதாரணமா வந்தது ஹன்சா. பெங்களூர் என்.ஏ.எல். உருவாக்கின ரெண்டு பேர் உட்கார்ற குட்டிப் பயிற்சி விமானம், 1993ல முதல் தடவை பறந்தது. அதோட உடம்பு அலுமினியத் தகடு இல்ல, கண்ணாடி இழையும் ரெசினும். அந்த மாதிரி விமானத்துல அடிபட்ட இடத்தை எப்படிச் சரி பண்றதுன்னு ஒரு மணி நேரம் ஓடுச்சு. ஒண்ணும் மண்டையில ஏறல. அப்புறம் அதையே எண்ணூர் கரையில, எங்க மாமாவோட ஃபைபர் போட்டுல, ரெண்டு கையும் அரிக்க அரிக்க கத்துக்கிட்டேன்.

காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் கரையோரமா வந்தீங்கன்னா இப்போ கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்கணும். 1980கள்ல சென்னையில இருந்து இயங்கின வங்காள விரிகுடாத் திட்டம் ஃபைபர் படகுகளைச் செஞ்சு ஓட்டிப் பார்த்துது. ஆனா கரை முழுக்க ஃபைபர் ஆனது 2004 சுனாமிக்கு அப்புறம்தான். நிவாரணமா வந்த படகெல்லாம் பெரும்பாலும் ஃபைபர். அவசரத்துல செஞ்ச சிலதோட தரம் பத்தி அப்பவே பேச்சு வந்துச்சு. அது தனிக் கதை.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்துச்சு, டிவியில பார்த்திருப்பீங்க. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. மாமா போட்டு கயிறு அறுந்து கல்லுல போய் முட்டி, அணியத்துக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். படகுக்கு 10,000 ரூபாய்னு அரசாங்கம் நிவாரணம் அறிவிச்சுது. மாமாவுக்கு எப்படியாவது சீக்கிரம் கடலுக்குப் போகணும்.

அதனால முதல் ரிப்பேர் ஒரே மத்தியானத்துல முடிஞ்சுது. வந்தவர் மண்ணெண்ணெய்த் துணியால கறுப்பைத் துடைச்சார், கிரைண்டர் லேசா ஓட்டினார், ரெண்டு மேட்டு ஒட்டினார், மேல பட்டி, பெயிண்ட். பார்க்கப் புதுசு மாதிரி இருந்துச்சு. நாலாவது தடவை கடலுக்குப் போனப்போ ஒட்டு ஒரு ஓரமா உரிஞ்சு தண்ணி உள்ள வர ஆரம்பிச்சுது. கரை கண்ணுக்குத் தெரியுற தூரம்தான். ஆனா மாமா வெட்டின கேன்ல தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டே வந்து சேர்ந்தப்போ அவர் முகத்தைப் பார்த்தேன். அதுக்கு முன்னாடி அவர் பயந்து நான் பார்த்ததில்ல.

அடுத்து வந்த மேஸ்திரி கிரைண்டரைத் தொடவே இல்ல. "தம்பி, ஒரு காசு குடு"ன்னார். பத்து ரூபாய் காசு குடுத்தேன். அதை வச்சு விரிசலைச் சுத்தித் தட்டிக்கிட்டே போனார். நல்ல இடத்துல 'டக் டக்'னு கெட்டியாக் கேக்குது, உள்ள லேயர் பிரிஞ்ச இடத்துல 'தொப்'னு செத்த சத்தம். கிளாஸ்ல சொன்ன டேப் டெஸ்ட் இதேதான்! விமானத்துலயும் முதல் சோதனை இப்படித் தட்டிப் பார்க்கிறதுதான். சாக்பீஸ்ல கோடு போட்டு முடிச்சப்போ ஒரு சாண் விரிசல் ஒரு முழத்துக்கு மேல போயிருந்துச்சு.

"இன்னாப்பா, ஒரு சாண் ஓட்டைக்கு இம்மாம் அறுக்கணுமா?" மாமா கத்தினார். அறுக்கணும். ஒட்டுற புது லேயருக்கும் பழைய உடம்புக்கும் நடுவுல எண்ணெய்ப் படலம் இருந்தா ரெசின் பிடிக்கவே பிடிக்காது. மண்ணெண்ணெயே ஒரு எண்ணெய்தானே, அது துடைக்கிறதோட தானும் கொஞ்சம் தங்கிடும். இன்னொரு கொடுமை, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி கிரைண்டர் போட்டா மேல இருக்கிற எண்ணெயை இழைக்குள்ள தேய்ச்சு விட்ட மாதிரி ஆயிடும். சோப்புத் தண்ணி, அசிட்டோன், அப்புறம் கிரைண்டர், திரும்ப அசிட்டோன். இதான் வரிசை.

இங்க என் பங்கு ஒண்ணு உண்டு :-) கிளாஸ்ல அரைத்தூக்கத்துல கேட்டது ஞாபகம் வந்து, தேய்ச்ச இடத்துல நல்ல தண்ணி ஊத்திப் பார்க்கலாம்னு சொன்னேன். தண்ணி ஒரே படலமாப் பரவினா சுத்தம், முத்து முத்தா நின்னா இன்னும் எண்ணெய் இருக்கு. நின்னுச்சு! மேஸ்திரி ஒண்ணும் பேசாம அசிட்டோன் டப்பாவை எடுத்தார். மூணாவது தடவைதான் பரவிச்சு. அப்புறம் ரெண்டு நாள் வெயில்ல காய வச்சோம்.

அறுத்த ஓரத்தை நேரா விடக்கூடாது, சரிவாத் தேய்க்கணும். படகுக்கு 1 மில்லி கனத்துக்கு 12 மில்லி சரிவுன்னு ஒரு கணக்கு உண்டு. 6 மில்லி உடம்புன்னா சுத்தியும் 7 சென்டிமீட்டருக்கு மேல. விமானத்துக்கு இன்னும் நீளமாச் சரிக்கணும். இந்தத் தேய்ப்புல பறக்கிற தூள்தான் அரிப்பு. முகத்துக்கு நான் கட்டினது ஒரு கைக்குட்டை. தப்பு, நல்ல மாஸ்க் போட்டிருக்கணும். மேஸ்திரி அதுகூடக் கட்டல, கேட்டதுக்குச் சிரிச்சார்.

ரெசின் கலக்கிறப்போ மட்டும் அவர் யாரையும் பக்கத்துல விடல. ஊதா நிறக் கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லாக் கலந்துட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட், 100 கிராமுக்கு 1, 2 கிராம். அது ரெண்டும் நேரா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா வெடிக்கும், தீப்பிடிக்கும். சென்னை வெயில்ல கலந்த டப்பா சீக்கிரமே கெட்டியாயிடும். அதுக்குள்ள மேட்டு, ரோவிங், மேட்டுன்னு மாத்தி மாத்தி அடுக்கி, ரோலரால காத்துக் குமிழை வெளியேத்தணும்.

ஹன்சாவுக்கும் மாமா போட்டுக்கும் வித்தியாசம் இல்லாம இல்ல. விமானத்துல பாலியஸ்டர் இல்ல, எபாக்சி. நாலு லேயர் கூடப் போட்டா படகு தாங்கும், விமானத்துல அந்த எடையே தப்பு. ஆனா எனக்கு உறுத்தினது வேற ஒண்ணு. விமானத்துல ஒட்டுப் போட்டா அது சரின்னு லைசென்ஸ் வாங்கின ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாத்தான் பறக்க முடியும். மாமா போட்டுக்குக் கையெழுத்துப் போட யாரும் இல்ல. முதல் ரிப்பேரும் ரெண்டாவதும் பெயிண்ட் அடிச்ச பிறகு வெளியில இருந்து பார்த்தா ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

மொத்தம் எட்டு நாள் கடலுக்குப் போகல. எட்டு நாளும் அத்தை என்னோட சரியாப் பேசல, தண்ணி ஊத்தி வேலையை இழுத்துவிட்டது நான்தானே. ஒட்டு இன்னிக்கு வரைக்கும் அசையல. மாமா இப்போ கரையில நிக்கிற யார் போட்டையும் விடாம தட்டிப் பார்க்கிறார். என் பத்து ரூபாயை இன்னும் திருப்பித் தரல.