வண்ணமில்லாத் தாய்மீன்

நமது பள்ளியின் பின்புறம், குழாயடியை ஒட்டிய கூரையின் கீழ், ஆறு கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக நிற்பதைப் பெற்றோர் பலரும் கண்டிருப்பீர்கள். "படிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகளுக்கு மீன் எதற்கு, ஐயா?" என்று நேரிலேயே கேட்டவர்களும் உண்டு. கேட்டது முறையே. அதற்குரிய விடையை இவ்வாண்டு மலரின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

அத்தொட்டிகளில் வாழ்வது கப்பி எனப்படும் சிறு மீன். ஒரு விரலின் நீளங்கூட இராது. ஆண்மீன் சிறியது, வாலும் உடலும் வண்ணம் மிக்கவை. பெண்மீன் சற்றே பெரியது. வெறும் சாம்பல் நிறம். ஏனைய மீன்களைப் போல் முட்டையிடாமல், ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சுகளையே ஈனுகின்றது. இதன் தாயகம் தென் அமெரிக்காவின் வடகரையும் திரினிடாட் தீவும் ஆகும். 1859ஆம் ஆண்டில் பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெனிசுவேலா நாட்டு மீனைக் கண்டு இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அதனை அறியாத இலண்டன் அருங்காட்சியகத்து அறிஞர் குந்தர், திரினிடாட்டிலிருந்து கப்பி என்பார் அனுப்பிய மீனைப் புதிய இனமெனக் கருதி, 1866இல் அனுப்பியவரின் பெயரையே அதற்கு இட்டார். முந்திய பெயரே செல்லும் என்பது அறிவியலார் விதி. எனினும் மக்கள் நாவில் நிலைத்தது கப்பிதான். அதே 1866இல்தான் மெண்டல் துறவியாரின் பட்டாணிச் செடி ஆய்வும் அச்சேறியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் அதனை மனப்பாடம் செய்தோமேயன்றி, உயிருள்ள ஒன்றில் கண்டதில்லை.

கொசுப் புழுக்களை விரும்பி உண்பதால், வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் இம்மீனைக் கொண்டு சென்று நீர்நிலைகளில் விட்டனர். சிங்கப்பூரின் வடிகால்களிலும் இது பெருகிற்று. வடிகாலை மலாய் மொழியில் லோங்காங் என்பர். ஆதலின் அங்குள்ள சிறுவர்களுக்கு இது லோங்காங் மீன்.

சென்ற நெடுவிடுமுறையில் நாம் சிங்கப்பூர் சென்றிருந்தோம். தங்கியது தேக்கா சந்தைக்கு அண்மையில் உள்ள உறவினர் இல்லத்தில். காலைப்பொழுதில் சிராங்கூன் சாலையில் பூக்கடைகள் திறக்கும் வேளை. வாழையிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தனர். அதனை ஒட்டிய ஒரு சந்தின் வடிகாலில் ஒரு சாண் நீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து நோக்கினோம். சாம்பல் நிறப் பெண்மீன்கள் பல. அவற்றின் பின்னே ஓயாது திரியும் ஆண்மீன்கள் சில. ஆணின் உடலில் ஒரு செம்புள்ளி, ஒரு கரும்புள்ளி. வாலோ நெல்மணி அளவு. வழியிற் சென்றோர் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று பிற்பகலில் நாம் பண்ணையில் கண்ட மீன்களும் இதே இனம் என்று அவர்களிடம் கூறியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்பண்ணை சிங்கப்பூரின் மேற்கே சுங்கை தெங்கா பகுதியில் உள்ளது. முற்காலத்தில் தெம்பனிஸ் போன்ற கம்பத்துப் பகுதிகளில் குளம் வெட்டி அலங்கார மீன் வளர்த்தனர். அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது பண்ணைகள் இடம் மாறின. மிகச் சிறிய நாடாயினும், உலக நாடுகளுக்கு அலங்கார மீன் ஏற்றுமதி செய்வதில் சிங்கப்பூர் நெடுங்காலம் முன்னணியில் நின்றது. அவ்வேற்றுமதியில் கப்பிக்குப் பெரும் பங்குண்டு.

நம்மை அங்கு அழைத்துச் சென்றவர் நமது பள்ளியின் முன்னாள் மாணவர். நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாருவைத் தாண்டி, இணைப்புப் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்பவர். நமது தோட்டத்துப் பிள்ளைகளின் தந்தையர் பலருக்கும் இந்நிலைதான் என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. "மீன் வளர்ப்பதுதானே உமது வேலை?" என்று வினவினோம். அவர் சிரித்தார். "வளர்ப்பது தண்ணீரும் தீனியும், ஐயா. வேண்டாததை விலக்குவதுதான் என் வேலை" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் சற்று நேரத்தில் புலப்பட்டது. வெண்ணிறத் தட்டொன்றில் சிறிது நீர். அதில் ஒரு மாத வயதுடைய குஞ்சுகள். சிறு வலையால் அவற்றை இடமும் வலமுமாகப் பிரித்துக்கொண்டே நம்முடன் உரையாடினார். பெண்ணாயின் வயிற்றின் பின்பகுதியில் ஒரு கருநிழல் தோன்றும்; ஆணாயின் அடித்துடுப்பு குச்சிபோல் மெலியத் தொடங்கும். நமக்குக் கண்ணாடி அணிந்தும் தெரியவில்லை. இப்பிரிப்பில் ஒரு நாளும் தாமதம் கூடாதாம். பெண்கப்பி ஒருமுறை ஆணுடன் சேர்ந்துவிட்டால், அவ்வாணின் உயிரணுக்களைப் பல மாதங்கள் தன் உடலிலேயே சேமித்து வைத்து, அடுத்தடுத்துப் பல ஈற்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழகிய ஆணோடு அதனைச் சேர்த்தாலும், பிறக்கும் குஞ்சு எவருடையது என்று உறுதி கூற இயலாது.

அங்குப் பாம்புத்தோல் வரி கொண்டவை, வால் முழுதும் சிவந்தவை, கறுப்பு மேலங்கி தரித்தாற்போல் உடலின் பின்பாதி கறுத்தவை எனத் தொட்டி தொட்டியாகக் கண்டோம். இறுதியிற் கூறியதை டக்சிடோ என்கின்றனர். வடிகாலில் கண்ட நெல்மணி வால் இங்கு விசிறியாக விரிந்திருந்தது. எவரும் சாயம் பூசியதன்று. தலைமுறைதோறும் சற்றே பெரிய வாலுடையதை வைத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்கியதால் வந்தது. கப்பி மூன்று மாதத்தில் ஈனும் பருவத்தை எட்டிவிடுவதால், ஓராண்டிலேயே மூன்று நான்கு தலைமுறைகளைக் காணலாம். நமக்கோ அதற்கு நூறாண்டுகள் வேண்டும்!

இனி, மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. மனிதனைப் போலவே கப்பிக்கும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஓர் இணை, பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கின்றது. அவ்விணையில் ஒன்று தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும், மகளுக்குச் செல்லாது. 1920இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஷ்மிட், கப்பியின் ஒரு கரும்புள்ளி தந்தையிடமிருந்து மகன்களுக்கே தொடர்ந்து வருவதைக் கண்டறிந்தார். அவர் நாட்டவராகிய விங்கே அவ்வாய்வை மேலும் வளர்த்தார். சிங்கப்பூர்ப் பண்ணை மீன்களையே ஆராய்ந்தவர்களும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வயலட் பாங் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் பாம்புத்தோல் வரியும் அவ்வாறே தந்தைவழி மகனுக்குச் செல்வதை 1989இல் வெளியிட்டனர். பண்ணைக்காரர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தது ஏட்டிலும் ஏறிற்று.

அப்படியாயின் தாய்க்கு இதில் பங்கில்லையா? இங்குதான் நாம் வியந்தோம். டக்சிடோவின் கறுப்பு போன்ற சில வண்ணங்கள் தாய்வழியாகவும் மகனை அடைகின்றன. வாலின் வண்ணக்கூறுகள் சிலவற்றையும் சாம்பல் நிறத் தாய் தன்னுள் தாங்கியிருப்பாள். ஆனால் அவள் உடலில் அவை வெளிப்படா. ஆண்மைச் சுரப்பு இருந்தாலன்றி அவ்வண்ணம் மலர்வதில்லை. பெண்மீனுக்கு அச்சுரப்பைச் சிறிதளவு அளித்து, மறைந்திருந்த வண்ணத்தை ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தும் பார்த்துள்ளனர். "அப்படியானால் தாய்மீனை எவ்வாறு தேர்ந்தெடுப்பீர்?" என்றோம். "அதன் அண்ணன் தம்பிகளைப் பார்த்து, ஐயா" என்றார் நம் மாணவர். நம்மூர்ப் பெண் பார்க்கும் சடங்கிற்கு இது எவ்வளவோ மேல் என்று எண்ணிக்கொண்டோம்.

திரும்பிவந்த பின், ஜொகூர் பாருவில் ஒரு கடையில் நான்கு இணைகள் வாங்கினோம். உரிய அனுமதியின்றி உயிர்மீன்களை எல்லை தாண்டிக் கொண்டுவரல் ஆகாது. ஆதலின் பண்ணையிலிருந்து எதனையும் எடுத்து வரவில்லை. நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் தொட்டிகளை ஒப்படைத்தோம். முதலில் பொன்னிற உடலுள்ள பெண்ணையும் சாம்பல் உடலுள்ள ஆணையும் சேர்த்தனர். பிறந்தவை அனைத்தும் சாம்பல். "பொன் காணாமற் போய்விட்டது, ஐயா" என்று முகம் வாடினர். பொறுத்திருக்கச் சொன்னோம். அக்குஞ்சுகள் வளர்ந்து ஈன்ற பேரக்குஞ்சுகளை எண்ணியபோது 47இல் 11 பொன்னிறம். நான்கில் ஒன்று என்ற மெண்டலின் கணக்கிற்கு இது மிக அணுக்கம். வகுத்தல் கணக்கென்றாலே ஒளிந்துகொள்ளும் இரு மாணவர்கள் அன்று மூன்று முறை வகுத்துப் பார்த்தனர். பெற்றோர்களின் வினாவிற்கு இதனை ஒரு விடையாகக் கொள்ளலாம்.

மற்றொன்றைக் கூற நமக்குத் தயக்கமே. உடன்பிறந்தவற்றையே திரும்பத் திரும்ப இணைத்தால் வண்ணம் உறுதிப்படும். உடன் நலிவும் வந்து சேரும். குஞ்சுகள் குறையும், முதுகு வளைந்தவை பிறக்கும். பண்ணையில் விலக்கப்படும் மீன்கள் பெரிய மீன்களுக்கு இரையாகின்றன. நம் மாணவர் அதனை மறைக்கவில்லை. நமது தொட்டியிலும் முதுகு வளைந்த குஞ்சுகள் மூன்று பிறந்தன. அவற்றை என்ன செய்வது என்று வகுப்பில் பேச்சு எழுந்தபோது, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "வளைந்ததும் மற்றவற்றைப் போலத்தானே தின்கிறது, ஐயா? அதனை வேண்டாம் என்று யார் சொன்னது?" என்று கேட்டாள். வகுப்பு அடங்கிவிட்டது. அவள் தம்பி நடக்க இயலாத பிள்ளை என்பதை அங்கிருந்த அனைவரும் அறிவர். அறிவியல் பாடத்தில் அதற்கு ஆயத்தமான விடையில்லை. வளைந்தவற்றை இனப்பெருக்கத்திற்கு விடுவதில்லை, ஆறாவது தொட்டியில் ஆயுள் முடியும்வரை வைத்துக் காப்பது என்று முடிவாயிற்று. அத்தொட்டிக்குத் தீனியிடும் பொறுப்பை அவளே கேட்டுப் பெற்றுக்கொண்டாள்.

எஞ்சிய மீன்களைச் செம்பனைக் காட்டு ஓடையில் விட்டுவிடலாம் என்று சில மாணவர்கள் கருதினர். அதனைக் கண்டிப்பாகத் தடுத்தோம். வேற்று நாட்டு மீன் ஓடையில் பெருகினால், அங்குத் தொன்றுதொட்டு வாழும் சிறு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். கொசுவை ஒழிக்கவென்று பல நாடுகளில் திறந்த நீரில் விட்டது பிறகு வேண்டாத விளைவைத் தந்துள்ளது. மூடிய இடத்து நீருக்கே கப்பி ஏற்றது. அதுவும் முழுக் காவல் அன்று. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பூந்தொட்டித் தட்டிலும், பழைய டயரிலும், சிரட்டையிலும் முட்டையிடும். அங்கெல்லாம் மீன் விட இயலுமா? வாரந்தோறும் கவிழ்த்துக் கொட்டுவதே வழி.

தோட்டத்துத் தந்தையர் ஒருவர் தம் வீட்டின் பின்புறம் மூன்று சிமெண்டுத் தொட்டிகள் கட்டிச் செவ்வால் கப்பி வளர்த்து நகரத்துக் கடைக்கு விற்று வருகின்றார். வருவாய் பெரிதன்று, பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்திற்கு ஆகின்றது. சென்னை கொளத்தூரில் வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் தொட்டி வைத்து அலங்கார மீனால் வாழ்க்கை நடத்தும் குடும்பங்கள் பல உள. கடைக்காரர் தேடுவது ஒரே ஓர் அழகிய மீனையன்று. ஒன்றுபோல் மற்றொன்றுள்ள ஐம்பது மீன்களை. அதற்குத்தான் அத்தனை விலக்கலும். கலப்பினம் என்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஒரே இனத்தின் இரு வகைகளைச் சேர்த்தவையே. வெனிசுவேலாவில் வாழும் எண்ட்லர் என்னும் உறவு மீனோடு சேர்ப்பதே மெய்யான கலப்பு. அம்மீனுக்கு 2005இல் சூட்டிய அறிவியற் பெயர், மேலே கண்ட விங்கே அவர்களின் நினைவாகவே அமைந்தது.

இம்மலர் அச்சுக்குச் செல்லும் வேளையில், பாம்புத்தோல் ஆணுக்கும் செவ்வால் குடும்பத்துச் சாம்பல் பெண்ணுக்கும் பிறந்த குஞ்சுகள் இரண்டாம் தொட்டியில் உள்ளன. ஒன்பது ஆண்களின் உடலிலும் தந்தையின் வரி தெரியத் தொடங்கிவிட்டது. தாயின் சிவப்பு வாலில் ஏறுமா என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் காலைதோறும் மணியடிக்கும் முன்பே வந்து நோக்குகின்றனர். வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்க்குக் கப்பி வேண்டும் பெற்றோர் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மூடியுள்ள பாத்திரத்துடன் வரலாம். ஒரு வீட்டிற்கு ஆறு மீன்கள் தரப்படும். பெண்மீன்களையே தருகின்றோம், தனியே வளர்ந்தவை ஆதலால் அவை பீப்பாயில் பெருகமாட்டா.