ஆற்றில் கேட்ட குரல்

பருவகாலத்தில் கித்துல்கலையில், களனி கங்கையில் ஓடும் இறப்பர் படகுகளுக்கு வழிகாட்டியாக நிற்கிறேன். 2009 இல் முடிந்த போரில் கணவரை இழந்த பெண்களை வன்னியிலிருந்து சிறு குழுக்களாக அழைத்து வருவோம். உளவளத்துணை அமர்வுகளில் வாய்திறவாதவர்கள் பலர்.

படகில் அனுதாபத்துக்கு நேரமில்லை. "முன்னுக்கு வலியுங்கோ" என்றதும் 6 துடுப்புகளும் ஒன்றாக விழவேண்டும். தவறி விழுந்தால் கால்களை முன்னே நீட்டி மல்லாந்து மிதக்கவேண்டும். எழுந்து நின்றால் பாறையிடுக்கில் கால் சிக்கிவிடும்.

கடந்த பருவத்தில், பேசாதிருந்த ஓர் அக்கா திடீரெனக் கத்தினார்: "வலப்பக்கம் கல் வருது, வலப்பக்கத்தார் பலமாய் வலியுங்கோ!" அவர் சொற்படியே வலித்தார்கள், படகு விலகிப் போனது.

கங்கை அவர் துயரத்தைக் கொண்டுபோகவில்லை. ஆனால் அவர் சொல்லைக் கேட்க அங்கே ஐந்து பேர் இருந்தனர். ஊரில் அவருக்கு அந்த ஐவர் வேண்டும். எஞ்சிய மாதங்களில் என் வேலை அதுதான்.