நாலு விரல் கூடுதல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோரிடம் இதைச் சற்று அழுத்தியே சொல்வார்கள். பழமொழியில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. ஏட்டில் ஏறாத சுரைக்காய் ஒரு தலைமுறைக்குத்தான் கறியாகும். அதை வளர்த்த கை ஓய்ந்ததும் விதையும் போய்விடும். சென்ற ஆண்டு ஒரு மாந்தோப்பில் விளையாட்டுத் தட்டிகள் கட்டப் போன இடத்தில் நான் படித்த பாடம் இது. அதனை மாணவ நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் தந்தையார் பந்தல் தொழிலாளி. கையெழுத்துப் போடுவார், அதற்குமேல் எழுத்து அறியார். 2020-ஆம் ஆண்டு பொதுமுடக்கம் வந்து திருமணங்கள் வீட்டுக்குள் சுருங்கியபோது, அவருடைய சவுக்குக் கழிகள் மாதக்கணக்கில் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. பிறகு வேலை வந்தது. ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. மண்டபங்கள் பெருகிவிட்டன. இரும்புச் சட்டப் பந்தல்காரர்கள் லாரியோடு வந்து இறங்குகிறார்கள். “கயிறு புடிக்கிற வேலை என்னோட போகட்டும், கண்ணு. நீ பேனா புடி” என்பது அப்பா அடிக்கடி சொல்லும் வார்த்தை. எனவே இருபது வயதாகியும் ஒரு பந்தல் முடிச்சுக்கூடப் போடத் தெரியாதவனாகவே நான் வளர்ந்தேன்.

இந்நிலையில்தான் ஏற்காட்டு மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர் அப்பாவைத் தேடி வந்தார். அவர் வீட்டு விசேஷங்களுக்கு அப்பாதான் பந்தல் போட்டவர். பெங்களூரில் படித்துத் திரும்பிய அவர் மகன், வீட்டுப் பின்புறத் தோப்பில் ‘பெயிண்ட்பால்’ விளையாட்டுக் களம் அமைக்க விரும்பினார். அதற்கு ஒளிந்து நிற்க மறைப்புகள் வேண்டும். பந்தயங்களில் பயன்படும் காற்றடைத்த மறைப்புகளின் விலையைக் கேட்டுத் தந்தையும் மகனும் மலைத்துப் போயிருந்தார்கள்.

நண்பர்களில் சிலர் இவ்விளையாட்டை அறியாமல் இருக்கலாம். சாயம் நிறைந்த சிறு குண்டுகளை வாயு விசையால் இயங்கும் துப்பாக்கியில் இட்டு, எதிரணியினர் மீது சுடுவார்கள். குண்டு உடைந்து சாயம் பட்டவர் ஆட்டம் இழந்தவர். குண்டின் மேலோடு ஜெலட்டினால் ஆனது; உள்ளிருப்பது நீரில் கழுவினால் போகும் சாயம். வெட்ட வேண்டிய மரங்களுக்குத் தூரத்தில் நின்றே அடையாளமிடச் செய்யப்பட்ட கருவிதான் பிற்பாடு விளையாட்டுக்கு வந்தது. 1981-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கர் என்னும் ஊர்க்காட்டில் பன்னிருவர் முதல் ஆட்டம் ஆடினார்கள். சுடாமல் சுடப்படாமல் கொடிகளைக் கைப்பற்றி வென்றவர் யார் தெரியுமா? ரிச்சி வைட் என்னும் வனத்துறை அறிந்த மனிதர். ஒரு குண்டுகூடச் சுடாமலே அவர் வென்றார்! காட்டோடு பழகிய தொழிலறிவே அன்று வென்றது எனலாம்.

தோப்பின் சொந்தக்காரருக்கு ஒரு கவலை இருந்தது. மாங்காய்ப் பறிப்பு தொடங்கினால் மரத்தடியில் ஆளும் கூடையும் நடமாட வேண்டும். வண்டி உள்ளே வர வேண்டும். அந்த மாதங்களில் களம் இருந்த சுவடே இருக்கக் கூடாது. தார் டிரம்களை அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். உருட்டி ஒதுக்குவதற்குள் இருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்களாம். அப்பா தோப்பைச் சுற்றி வந்தார். பிறகு, “கழட்டி மாட்டற வேலைதானுங்க நம்ம தொழிலே. ஒத்த ஆள் தூக்கற மாதிரி தட்டி கட்டித் தர்றேன்” என்றார்.

தோட்டக்காரரின் மகன் அவற்றைப் ‘பங்கர்’ என்றே அழைத்தார். அப்பா ‘தட்டி’ என்றார். எனக்கும் தட்டி என்ற சொல்லே பிடித்திருந்தது. 2009 வரை நீண்ட போரில், ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிக் குழந்தை குட்டிகளோடு பதுங்கிய குழிக்கல்லவா பங்கர் என்று பெயர்! விளையாட்டுப் பொருளுக்கு நம் ஊர்ப் பெயரே போதும்.

தட்டி கட்டுவதற்குமுன் அது எதைத் தாங்க வேண்டும் என்று நான் கணக்கிட்டேன். குண்டின் நிறை ஏறத்தாழ 3 கிராம். களங்களில் அதன் வேகத்தை வினாடிக்கு 300 அடிக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், நிறுத்தி வைப்பார்கள். அதன் உந்தம், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் உந்தத்தில் பதினாறில் ஒரு பங்கே. கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடும். ஆகவே ஆட்டம் முடியும்வரை முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்பது முதல் விதி. ஆனால் தட்டிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தட்டியின் உண்மையான எதிரி குண்டன்று, காற்று!

பந்தலுக்கு உதவாத ஒடிந்த சவுக்குக் கழிகள் எங்கள் வீட்டில் கிடந்தன. அவற்றை ஒன்றரை மீட்டர் அளவுக்கு அறுத்து, குறுக்கே மூங்கில் வைத்துக் கட்டி, சட்டங்கள் செய்தோம். இரண்டு சட்டங்களை உச்சியில் கயிற்றால் பிணைத்தால், மடிப்பு ஏணிபோல் விரியும். மடக்கினால் ஒன்றன்மேல் ஒன்று படியும். கால்கள் அகன்று போகாமல் கீழே ஓர் இடைக்கயிறு. மேலே போர்த்த, விழா முடிந்து இறக்கிய பழைய பேனர்கள். அச்சிட்ட பக்கம் உள்ளே இருக்கும்படி அப்பா திருப்பிக் கட்டினார். “கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சியிலயா சாயத்தை அடிக்கிறது?” என்றார். ஓடி வந்து விழுகிறவர்களுக்குக் காயம் படக்கூடாதென்று ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. கழி முனைகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினோம். விலைக்கு வாங்கியவை கயிறும் மூங்கிலும் மட்டுமே. கூலி நீங்கலாக ஒரு தட்டிக்கு 180 ரூபாய்க்குள் அடங்கியது. எடை சுமார் 10 கிலோ.

அப்பா ஒவ்வொரு இணைப்பிலும் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிச் சுருக்கிட்டார். நான் நான்காவதும் சுற்றப் போனபோது, “மூணு போதும். நாலாவது கயித்துக்குத்தான் நட்டம்” என்றார். வீட்டுக்கு வந்து ஆய்லர் என்னும் கணித மேதையின் பெயரால் வழங்கும் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். உராய்வுக் கெழுவை 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றில் கயிற்றின் பிடி ஏறத்தாழ ஆறரை மடங்காகிறது. இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்று சுற்றில் 280 மடங்கைத் தாண்டுகிறது. அதற்கு மேல் பிடி கூடுவதற்குமுன் கயிறே அறுந்துபோகும். அப்பா சொன்னது அதுதானே!

அடுத்து, கால்களை எவ்வளவு அகலம் விரிப்பது என்ற கேள்வி. தட்டியின் உயரம் மூன்று முழம், அதாவது 135 செ.மீ.; அகலம் 120 செ.மீ. காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தட்டியின் மீது விழும் விசை சுமார் 19 கிலோ எடைக்குச் சமம். அது நடு உயரத்தில் தாக்குவதாகக் கொள்வோம். தட்டியின் எடை 10 கிலோ, உள்ளே தொங்கவிடும் மணல் மூட்டை 15 கிலோ, ஆக 25. திருப்புத்திறன்களைச் சமப்படுத்தினால், கால்களுக்கிடையே 103 செ.மீ. இருந்தால் தட்டி சாயாது என்று விடை வந்தது. தாளோடு நான் நிமிர்ந்தபோது அப்பா கால்களை விரித்துக் கட்டி முடித்திருந்தார். அவர் அளவு இரண்டரை முழம். அளந்து பார்த்தேன்: 112 செ.மீ.! உழைத்துத் தடித்த அவர் கையில் நாலு விரல் அகலம் 9 செ.மீ. என் கணக்குக்கு மேல் சரியாக நாலு விரல் கூடுதல்.

“எதுக்குங்கப்பா இந்த நாலு விரல்?” என்று கேட்டேன்.

“நாம நெனைக்கிற காத்து மட்டுமா கண்ணு வரும்?” என்றார்.

பொறியியல் நூல்களில் பாதுகாப்புக் காரணி என்று ஒரு தனிப் பகுதியே உண்டு. அதைப் படிக்காத மனிதர், முப்பதாண்டுகளாக ஒவ்வொரு பந்தலிலும் கல்யாணக் கூட்டத்தின் தலைக்குமேல் அதைக் கட்டி வைத்திருக்கிறார். அத்தோடு விடாமல், பேனரில் ஆங்காங்கே பிறை வடிவில் கீறியும் விட்டார். “காத்தை எதுத்து நிக்கப்படாது, அதுக்கு வழி விடோணும்” என்பது அவர் விளக்கம்.

பன்னிரண்டு தட்டிகள் செய்தோம். பக்கத்துக்கு ஆறாக, இரு அணிக்கும் சமமான மறைவு கிடைக்கும்படி வைத்தோம். ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாற்றினால் களமே புதிதாகிவிடுகிறது என்று இளைஞர்கள் மகிழ்ந்தார்கள். நகர்த்துவதும் எளிது, மூட்டையை அவிழ்த்துவிட்டால் ஒருவரே தூக்கலாம்.

பங்குனிக் கடைசியில் ஒரு மாலை பெருங்காற்றோடு மழை வந்தது. அப்பா அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. அவருக்கு அது கூலி வாங்கிய வேலை மட்டுமன்று. இரும்புச் சட்டங்கள் வந்தபின் அவர் கைக்குக் கிடைத்த முதல் புதுவேலை. விடியலில் இருவரும் சைக்கிளில் போனோம். தோப்பெங்கும் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. பதினொரு தட்டிகள் நின்றுகொண்டிருந்தன. சாய்ந்து கிடந்தது ஒன்றே. வீட்டுக் குழந்தைகள் விளையாட மணலை எடுத்துக்கொண்ட தட்டி அது. அப்பா எதுவும் பேசவில்லை. மூட்டையில் மணலை நிரப்பித் தூக்கி நிறுத்தினார்.

அன்று மாலை ஓர் எண்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்தக் கழிக்கு எத்தனை முழம், எந்தச் சுருக்கு எதற்கு, கீற்றுக்கு எவ்வளவு சரிவு என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். அந்த அளவுகள் இதுவரை எந்தத் தாளிலும் ஏறியதில்லை. அவரோடு கழி தூக்கியவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். “எழுதிக்க, வேண்டாங்கல. ஆனா தொழிலுக்கு மட்டும் வந்துடாதே” என்று அப்பா இன்னும் சொல்கிறார். அவர் சொல்வதன் நியாயம் எனக்குத் தெரியும். கழி சுமந்த தோளின் வலி எனக்கில்லை; அவருக்குத்தான் உண்டு. ஆனால் அந்தத் தோளோடு அந்த அறிவும் போய்விட வேண்டுமா என்பதே என் கேள்வி.

அன்பு நண்பர்களே! நம் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிணறு வெட்டுவோர், மண்பாண்டம் வனைவோர், ஜவ்வரிசி ஆலையில் உழைப்போர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம்மில் பலர் வீடுகளில் நாம் முதல் பட்டதாரிகள். ஆனால் அவ்வீட்டின் முதல் அறிவாளிகள் நாம் அல்லர். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டையும் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் கை செய்வதை அளந்து எழுதுங்கள். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள்: மாணவர் தம் வீட்டுத் தொழில் ஒன்றை அறிவியல் முறைப்படி எழுதித் தரும் பயிற்சியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொடுங்கள். அவற்றைத் தொகுத்து நம் நூலகத்தில் வைத்தால், பின்னால் வரும் பிள்ளைகளுக்கு அது பயன்படும்.

மாங்காய்ப் பறிப்பு முடிந்ததும் தோப்பில் தட்டிகளை மீண்டும் விரிக்க வேண்டும். பன்னிரண்டும் மடங்கி, கொட்டகைச் சுவரில் ஒரு முழ இடத்துக்குள் சாய்ந்திருக்கின்றன. அவற்றுள் இரண்டையாவது அப்பாவின் மேற்பார்வையில் நானே கட்டிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.