ராசியில்லாத கையும் தாயக்கட்டையும்

"நாளைக்கு சூரியன் உதிக்குமா?"

"உதிக்கும் டீச்சர்!"

"மழை வருமா?"

"வரலாம் டீச்சர்... வராமலும் போகலாம்."

"வாசல்ல நிக்குற மாடு நாளைக்கு உங்ககூட உக்காந்து வாய்ப்பாடு சொல்லுமா?"

வகுப்பே சிரிக்கிறது.

ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் நான்காம் வகுப்பு. பாடம் எடுப்பவர் ஆசிரியர் பயிற்சிக்காக வந்திருக்கும் மாணவி. பலகையில் மூன்று கட்டம் போட்டு 'கட்டாயம் நடக்கும்', 'நடக்கலாம்', 'நடக்கவே நடக்காது' என்று எழுதியிருக்கிறார். 'நிகழ்தகவு' என்ற சொல்லை அவர் வாயே திறக்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரில் பாடம் வருவது 9-ஆம் வகுப்பில்தான். ஆனால் பூவா தலையா போடுவதற்கும், தாயம் உருட்டுவதற்கும் எந்தக் குழந்தையும் ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருப்பதில்லையே!

முதல் நாள் பாடம் சொதப்பிவிட்டது. ஒரு ரூபாய் நாணயத்தை 10 தடவை சுண்டச் சொன்னார். பாதி பூ, பாதி தலை விழும், அதை வைத்து விளக்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம். விழுந்ததோ 8 தலை, 2 பூ. "தலைக்குத்தான் பவர் டீச்சர்!" என்று முன்வரிசை தீர்ப்பு சொல்லிவிட்டது. மணியும் அடித்துவிட்டது.

குழந்தைகள் அப்படி நினைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1951-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். ஒரு தட்டில் சிவப்பு மணிகள் ஒரு பக்கம், வெள்ளை மணிகள் மறுபக்கம். தட்டை அப்படியும் இப்படியும் சாய்த்தால் மணிகள் கலந்துவிடும். இன்னும் பல தடவை சாய்த்தால் என்ன ஆகும் என்று கேட்டபோது, சின்னக் குழந்தைகள் பலர் 'பழையபடி அதது அதனிடத்துக்குப் போய்விடும்' என்றார்கள். எதுவும் காரணம் இல்லாமல் நடக்கும் என்பதை அந்த வயதில் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. (பெரியவர்களுக்கு மட்டும் முடிகிறதா என்ன?)

அடுத்த வாரம் டீச்சர் தாயக்கட்டைகளோடு வந்தார். "பள்ளிக்கூடத்துல சூதாட்டமா? பெத்தவங்க வந்து கேட்டா நான் என்னம்மா பதில் சொல்றது?" என்றார் தலைமை ஆசிரியர். "காசு வைக்கப் போறதில்ல சார், எண்ணத்தான் போறோம்" என்று சொல்லி அனுமதி வாங்கியாயிற்று.

பித்தளைக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பக்கம். ஒன்றில் புள்ளி கிடையாது, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டு கட்டையை உருட்டி ஒரே ஒரு புள்ளி வந்தால் தாயம். அது விழுந்தால்தான் காயை இறக்க முடியும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பல ஊர்களில் பன்னிரண்டு.

கட்டைகள் வரிசையாகக் கைமாறி வந்தன. கடைசி வரிசைப் பையன் ஒருவன் மட்டும் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்னடா, போடு."

"எனக்கு வேணாம் டீச்சர். என் கைக்கு ராசி இல்ல."

"யாரு சொன்னா?"

"வீட்ல எல்லாரும் சொல்லுவாங்க. நான் கட்டையத் தொட்டா தாயமே விழாதாம். நான் பொறந்தப்பதான் அப்பா கடையும் போச்சாம்."

ஒன்பது வயதுப் பையன். மழை வரலாம் என்று சொல்வது போல சாதாரணமாகச் சொன்னான்.

டீச்சர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தரையில் சாக்பீஸால் 4-க்கு 4 என்று 16 கட்டம் போட்டார். ஒரு கட்டைக்குக் குங்குமம் வைத்தார். குங்குமக் கட்டையில் விழுவது மேலிருந்து கீழ், மற்றது இடமிருந்து வலம். ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தப் புள்ளியைக் குழந்தைகளே எழுதினார்கள்.

"குங்குமத்துல 1, இதுல வெறுமை. குங்குமத்துல வெறுமை, இதுல 1. ரெண்டும் தாயம்தானே டீச்சர், எதுக்கு ரெண்டு கட்டம்?" என்றாள் ஒரு பெண். நல்ல கேள்வி! இது போன்ற இடத்தில் பெரிய தலைகளே சறுக்கியிருக்கின்றன. நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழுவதற்கு 3-ல் 2 வாய்ப்பு என்று 1754-ல் எழுதினார் பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர். எல்லா வழிகளையும் தனித்தனியாக எண்ணினால் 4-ல் 3.

எண்ணி முடித்தபோது 3 என்ற எண் 4 கட்டங்களில் இருந்தது. தாயம் 2 கட்டங்களில். பன்னிரண்டு ஒரே ஒரு கட்டத்தில். 'மூணு சும்மா சும்மா விழுதே, தாயம் மட்டும் ஏன் விழ மாட்டேங்குது' என்ற காலங்காலமான புலம்பலுக்கு விடை தரையிலேயே கிடந்தது.

16-ல் 2 என்றால் 8-ல் 1. அப்படியானால் 8 தடவை போட்டால் ஒரு தாயம் கட்டாயம் விழுமா? "விழும்!" என்றது வகுப்பு. "போட்டுப் பாருங்க" என்றார் டீச்சர். 24 பேரும் ஆளுக்கு 8 தடவை போட்டார்கள். கடைசி வரிசைப் பையனும் போட்டான்.

"ஒரு தாயம்கூட விழாதவங்க எழுந்திரிங்க."

9 பேர் எழுந்தார்கள். அவனும்தான். ஆனால் பக்கத்தில் வகுப்புத் தலைவி நின்றாள், ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் முதலில் வருபவன் நின்றான். கணக்குப்படி இது சரியே. ஒரு தடவை தாயம் விழாமல் போக 8-ல் 7 வாய்ப்பு. எட்டு தடவையும் விழாமல் போக, அந்த 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். ஏறக்குறைய 0.34. அதாவது மூன்று பேரில் ஒருவருக்குத் தாயம் விழாது. குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கல் தேவைப்படவில்லை, நிற்பவர்களைப் பார்த்தாலே போதும்.

இரண்டாம் சுற்று. டீச்சருக்குள் பயம். இந்தத் தடவையாவது அவனுக்கு விழுந்துவிடாதா?

விழவில்லை.

மறுபடியும் 8 பேர் நின்றார்கள். ஆனால் பெரும்பாலும் வேறு முகங்கள். போன சுற்றில் நின்ற பலர் உட்கார்ந்திருந்தார்கள், அப்போது கேலி செய்தவர்கள் இப்போது நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே பையன் சுற்றிலும் பார்த்து எண்ண ஆரம்பித்தான்.

"ரெண்டு தடவையும் நின்னது நாங்க மூணு பேர் டீச்சர்!"

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த மூன்று பேரில் வகுப்புத் தலைவியும் ஒருத்தி. மூன்றாம் சுற்று வேண்டும் என்று முதலில் கேட்டவனும் அவன்தான்.

அவன் வீட்டில் இதற்குப் பிறகு ராசிப் பேச்சு நின்றுவிட்டதா? ஒரு பாடவேளையில் அதெல்லாம் மாறிவிடாது. ஆனால் யாரோ சொன்னதைத் தன் கையாலேயே எண்ணிப் பார்க்க முடியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சூத்திரத்தை ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொள்ளலாம். 'ராசியில்லாதவன்' என்ற பட்டத்தைப் பிள்ளைகளுக்கு நாலு வயதிலேயே கொடுத்துவிடுகிறோமே, அதற்கு மாற்று மருந்தை மட்டும் ஏன் பத்து வருஷம் தள்ளிப்போட வேண்டும்?

பி.கு: புளியங்கொட்டை, சோழி வைத்து இதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள். அவற்றின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. நூறு தடவை போட்டு எண்ணித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் குட்டிப் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.